தேவகி அக்கா அனுப்பிய நோட்டீஸ்

தபால்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தபோது மேரியின் மடியில் மாம்பழக் கலர் பட்டுச் சேலை ஒன்றின் முந்தானை கிடந்தது. நூல் நூலாகப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் கடையில் கொடுக்க வேண்டிய சேலை. அதைப் பதமாகப் பாயில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ரிஜிஸ்தர் தபால்மா. கையெழுத்துப் போடு."

"எங்களுக்கா? மாடி வீட்டுக்கா இருக்கப்போவுது, நல்லாப் பாருங்க."

"மேரி, கணவர் பேர் யேசுதாஸ். நீதானே?"

அவள்தான். கையெழுத்துப் போட்டாள். தபாலோடு ஒட்டியிருந்த அட்டையிலும் போடச் சொன்னார் தபால்காரர். அது அனுப்பினவருக்கே திரும்பிப் போகுமாம். உறையின் மூலையில் ஒரு வக்கீல் பெயர் அச்சடித்திருந்தது. கலையரசி, வழக்கறிஞர். மேரிக்கு அப்படி யாரையும் தெரியாது.

எட்டாவது வரை படித்தவள் அவள். கடைச் சீட்டு, மாத்திரை அட்டை, வேதப் புத்தகம் எல்லாம் படிப்பாள். ஆனால் இந்தத் தமிழ் வேறு மாதிரி இருந்தது. 'எமது கட்சிக்காரர்' என்றது, 'மேற்படி சொத்து' என்றது. முதல் சில வரிகளை எழுத்துக் கூட்டியவளின் கண், நடுப்பகுதியைத் தாண்டிக் கடைசிப் பத்தியில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. 'வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டியது.' அதற்கு மேல் ஒரு எழுத்தும் ஓடவில்லை. கடிதத்தை மடித்துவிட்டாள்.

எமது கட்சிக்காரர் யாரென்று மட்டும் புரிந்தது. தேவகி அக்கா.

பிள்ளையார்பாளையத்தில் அந்த வீடு இரண்டு அடுக்கு. கீழே மேரி, அவள் கணவன் யேசுதாஸ், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஏஞ்சல். மாடியில் வீட்டுக்காரி தேவகி, அவள் கணவர் கலியன், மகன் இளவரசன், மருமகள். மாகறல் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நெல் வியாபாரத்துக்காக டவுனுக்கு வந்த கலியன், இந்த வீட்டைக் கட்டி மனைவி பேரில் பத்திரம் பண்ணினார். ஏழு வருஷமாக மேரி குடும்பம் அங்கே குடியிருக்கிறது. மாடியில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் கிண்ணம் கீழே இறங்கும். கிறிஸ்துமஸுக்குக் கீழே முறுக்கு சுட்டால் தட்டு மேலே ஏறும். ஏஞ்சல் பெரிய மனுஷி ஆனபோது முதலில் ஓடி வந்து மஞ்சள் பூசியது தேவகிதான்.

அந்த தேவகி, மாடியிலிருந்து கீழே இருக்கிற வீட்டுக்கு வக்கீல் மூலமாகத் தபால் அனுப்பியிருக்கிறாள்.

மேரி மறுபடியும் சேலையை எடுத்து மடியில் போட்டாள். மூன்று முடிச்சு கோணலாக விழுந்து, பிரித்துப் பிரித்துக் கட்டினாள். மேலே மாடியில் யாரோ நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்க் கேட்டுவிடலாமா என்று ஒரு வேகம் வந்தது. ஆனால் அடுத்த நூலைத்தான் பிரித்தாள்.

இதற்கு இரண்டு வீடு முன்னால் அவர்கள் வாலாஜாபாத் போகிற ரோட்டோரம் ஒரு வீட்டில் இருந்தார்கள். ஏஞ்சல் அப்போது மூன்றாவது படித்தாள். ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் வந்து, "என் மச்சான் குடி வரான், இன்னிக்கே காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து மேரி வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் திரும்பி வந்தால் கதவில் புதுப் பூட்டு. ஸ்டவ், பாய், அரிசி டிரம், கல்யாண போட்டோ எல்லாம் தெருவில் கிடந்தன. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஏஞ்சல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நனைந்த பாயின் மேல் உட்கார்ந்துகொண்டு, "ம்மா, நம்ம வீடு எங்கம்மா?" என்று கேட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கலாம் என்று மேரிக்கும் தெரியாது.

அந்த வீட்டுக்காரர் செய்தது கூட இவ்வளவு வலிக்கவில்லை என்று இப்போது தோன்றியது. அவர் யாரோ. தேவகி அக்கா யாரோ இல்லை.

சாயங்காலம் யேசுதாஸ் வந்தான். அவன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மார்க்கெட் லோடு, கடை லோடு, ஊரார் வீடு மாற்றும்போது அவர்கள் பீரோ, கட்டில். கை கால் கழுவிவிட்டு வந்தவனிடம் மேரி கடிதத்தை நீட்டினாள். அவன் உறையைப் பார்த்தான், வக்கீல் பெயரைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அண்ணன் விழுந்துட்டாரு இல்ல, அதான்" என்றான்.

கலியன் டிசம்பரில் மாடிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தார். ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தபோது நாலு பேர் தூக்கித்தான் மேலே கொண்டுபோனார்கள். டாக்டர் இனிமேல் படியே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். இது கீழ் வீட்டுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதையும் தங்கள் வீட்டையும் சேர்த்து மேரி யோசித்ததே இல்லை.

"இருக்கட்டுமே. ஒரு வார்த்தை வாயால சொல்லக் கூடாதா? மேரி, இப்படி ஆயிடுச்சு, நீ வேற வீடு பார்த்துக்கோன்னு. நான் இன்னா சண்டையா போடப்போறேன்? வக்கீலு எதுக்கு? நம்ம இன்னா திருடங்களா?"

யேசுதாஸ் கடிதத்தை வாங்கி வேதப் புத்தகத்துக்குள் வைத்தான்.

அடுத்த நாள் முழுக்க மேரி மாடிப் பக்கமே பார்க்கவில்லை. தேவகியும் கீழே இறங்கி வரவில்லை. தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தில், "மேரி, குடத்தை வையி" என்று ஏழு வருஷமாகக் கேட்கிற குரல் அன்றைக்குக் கேட்கவில்லை. மோட்டார் மட்டும் ஓடியது. எப்போது அது நிற்கப்போகிறதோ என்று மேரிக்குப் பயம்.

எதிர் வீட்டு துர்காதேவிக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. குச்சுக்கு நூல் கொடுக்க வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ காலி பண்ணாத மேரி. கேஸுன்னு போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். நீ பாட்டுக்கு உட்காந்துக்கினு இரு. முதல்ல கோர்ட்டாண்ட போயி இலவச சட்ட உதவின்னு இருக்குது, அங்க கேளு" என்றாள். முன்பாதி மேரிக்குப் பிடிக்கவில்லை. பின்பாதி மனதில் நின்றது.

வியாழக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். கோர்ட்டு வளாகத்துக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வேப்ப மரத்தடியில் கறுப்புக் கோட்டுகள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தன. யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு சின்ன அறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஜோசுவா என்பவரிடம் வந்து சேர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். வக்கீல் இல்லை, உதவி செய்கிற ஆள் என்று அவரே சொன்னார்.

"உட்காருங்கம்மா. பூட்டுப் போட்டுட்டாங்களா?"

"இல்ல சார்."

"தண்ணி, கரண்ட்டு?"

"வந்துக்கினுதான் இருக்குது."

"அப்ப எதுக்கு இவ்ளோ பயப்படறீங்க? கொடுங்க பார்க்கலாம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாசித்தார். நடுவில் நிறுத்தி மேரியை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"இத முழுசாப் படிச்சீங்களா?"

"காலி பண்ணுன்னு போட்டிருக்குது. அத மட்டும்தான் படிச்சேன்."

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நோட்டீஸ் வந்துட்டா வெளிய போட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. கேட்டிருக்காங்க, அவ்ளோதான். வீட்டுக்காரங்க வாயால சொன்னா அது பேச்சு. எழுதி, தேதி போட்டு, காரணம் சொல்லி, டைம் கொடுத்து அனுப்பினாத்தான் முறை. அந்த டைம் முடிஞ்சும் நீங்க போகலைன்னா அவங்க வாடகை கோர்ட்டுக்குப் போகணும். கோர்ட்டு உங்களையும் கூப்பிட்டுக் கேக்கும். உத்தரவு வந்தாத்தான் உங்களை வெளிய அனுப்ப முடியும். அதுக்கு நடுவுல பூட்டு போடறது, தண்ணிய நிறுத்தறது, சாமானைத் தூக்கித் தெருவுல வைக்கிறது, எதுவும் கூடாது. வீடு அவங்களோடதுதான். ஆனா குடியிருக்கிற வரைக்கும் கதவு உங்களோடது."

மேரிக்கு வாலாஜாபாத் ரோட்டு வீடு ஞாபகம் வந்தது. தூறலில் கிடந்த போட்டோ ஞாபகம் வந்தது. அதைக் கேட்க இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"எங்களை முன்ன ஒருத்தர் அப்படிப் பண்ணாரு சார். அது தப்பா?"

"தப்பும்மா."

அவ்வளவுதான் சொன்னார். மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தெருவே பார்த்துக்கொண்டு நின்றபோது, தாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ஒன்பது வருஷம் அப்படியே தோன்றிக்கொண்டிருந்தது.

"சரி, இதக் கேளுங்க" என்று ஜோசுவா கடிதத்தின் நடுப்பகுதியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "'தாங்கள் கடந்த ஏழு ஆண்டுகளாக மேற்படி வீட்டில் குடியிருந்து வருகிறீர்கள். வாடகையை ஒரு மாதமும் தவறாமல் செலுத்தியும், வீட்டைத் தங்கள் சொந்த வீட்டைப் போலப் பேணியும் வந்திருக்கிறீர்கள். தங்கள் மீது எமது கட்சிக்காரருக்கு எவ்விதக் குறையும் இல்லை என்பதையும், இதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும் என்பதையும் எமது கட்சிக்காரர் வலியுறுத்திக் கூறியுள்ளார். அவரது கணவர் இடுப்பெலும்பு முறிவினால் மாடிப்படி ஏற இயலாத நிலையில் இருப்பதால் மட்டுமே வீடு சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படுகிறது. தங்கள் மகளின் பொதுத்தேர்வைக் கருத்தில் கொண்டு ஏப்ரல் மாதம் முப்பதாம் தேதி வரை அவகாசம் அளிக்கப்படுகிறது.'"

ஜோசுவா கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினேழு வருஷமா இந்த மேஜையில உட்காந்திருக்கேன். நன்றின்னு எழுதி வந்த நோட்டீஸை இப்பத்தான் பார்க்கிறேன். யாரும்மா உங்க வீட்டுக்காரங்க?"

மேரி கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அக்கா" என்றாள்.

புறப்படும்போது ஜோசுவா கூப்பிட்டு, "வாடகை ஒப்பந்தம் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அடுத்த வீட்டுக்குப் போறப்ப எழுதுங்க, பதிவு பண்ணுங்க. எவ்ளோ நாள் முன்னாடி சொல்லணும்னு அதுலயே போட்டுடுங்க. அவங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மாடி ஏறினாள். தேவகி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேரியைப் பார்த்ததும் கை நின்றது.

"வந்துடுச்சா?" என்றாள் தேவகி.

"செவ்வாக்கிழமையே வந்துடுச்சு."

"தெரியும். கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்துடுச்சுன்னு வக்கீலம்மா இன்னிக்குக் காலைல போன்ல படம் அனுப்பினாங்க. உன் கையெழுத்தப் பார்த்ததும் எனக்குச் சோறு எறங்கல."

"ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்க்கா."

"சொல்லியிருக்கலாம்." தேவகி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "மூணு நாளு படியில பாதி வரைக்கும் எறங்கி வந்தேன் மேரி. நீ உள்ள குச்சு கட்டிக்கினு பாடிக்கினு இருந்த. வாய் வரல. திரும்பிட்டேன். அது என் தப்புதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கலியனை மாடிக்குத் தூக்கி வந்த அன்றைக்கே இளவரசன் ஆரம்பித்துவிட்டானாம். ஒரு வாரத்தில் கீழ் வீட்டைக் காலி பண்ணச் சொல்லு, கேட்கவில்லை என்றால் மோட்டார் சுவிட்சை நிறுத்து, தானாகப் போய்விடுவார்கள் என்று. ஃபேக்டரியில் அவன்கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிக் கொடுத்ததாம். கேட்டுக்கொண்டிருந்த தேவகிக்கு, மேரி எப்போதோ சொன்ன அந்தத் தூறல் நாள் ஞாபகத்துக்கு வந்ததாம்.

"அந்தப் பாவத்த நானும் பண்ணணுமான்னு கேட்டேன் அவன. யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறி வக்கீலம்மாவப் பார்க்கப் போயிட்டேன். குடியிருக்கிறவங்களை முறையா எப்படிம்மா கேக்கணும்னு கேட்டேன். அவங்க சொன்னாங்க, மாச வாடகைக்குப் பதினஞ்சு நாள் கொடுத்தாலே நோட்டீஸ் செல்லும்னு. நான் முடியாதுன்னுட்டேன். கொழந்த பரிட்சை முடியணும்னேன். அப்புறம், கட்டாயம் எழுதணும்னு நான் ஒண்ணு சொன்னேன். வக்கீல் நோட்டீஸ்ல இதெல்லாம் எழுத மாட்டோம்மான்னு சிரிச்சாங்க. எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு உட்காந்துட்டேன்."

"எனக்கு அத ஒருத்தர் படிச்சுக் காட்டினாரு" என்றாள் மேரி. தேவகியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து கலியன், "யாரு, மேரியா? காபி போட்டுக் கொடு தேவகி" என்றார்.

பிப்ரவரி வந்தது. வாரத்தில் இரண்டு நாள் கலியனைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று மாத அவகாசம் கொடுத்தது தேவகி என்றாலும், அந்த மூன்று மாதமும் மாடியில் சிறைப்பட்டிருந்தது அவர்தான். முதல் செவ்வாய்க்கிழமை இளவரசன் தனியாகத் தகப்பனைத் தூக்க முடியாமல் படியின் மேலே நின்று திண்டாடிக்கொண்டிருந்தான். லோடு ஏற்றக் கிளம்பிக்கொண்டிருந்த யேசுதாஸ் வண்டிச் சாவியை மேரி கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறினான். கலியனை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, "இளவரசு, நீ மேல பக்கம் புடி, கனம் என் பக்கம் வரட்டும். அண்ணே, கண்ண மூடிக்கங்க" என்று சொல்லி ஒரு பீரோவை இறக்குகிற பதனத்தோடு படிபடியாக இறக்கினான். பீரோக்களை இறக்கி இறக்கி அவனுக்கு அது பழக்கம்.

கீழே வந்ததும் இளவரசன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "சாரிண்ணா" என்றான்.

"எதுக்கு?"

"இல்ல, சும்மா."

யேசுதாஸ் அவன் தோளில் தட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். அதிலிருந்து ஏப்ரல் வரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் கலியனை இறக்கி ஏற்றின பிறகுதான் அவன் லோடு எடுத்தான்.

வீடு தேடுவதுதான் லேசாக இல்லை. பத்து இடம் பார்த்தாள் மேரி. வாடகை ஒத்துவந்த இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில், "எந்த ஊரு, எந்தத் தெரு, உங்க ஆளுங்க யாரு" என்று கேட்டார்கள். யேசுதாஸ் பெயரைக் கேட்டதும், "நேத்துதான் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டோம்" என்றார்கள். வீண் நடை மிச்சமாகட்டும் என்று போனவுடனே பேரைச் சொல்லிவிடப் பழகிக்கொண்டாள். இன்னொரு கேள்வியும் எல்லாரும் கேட்டார்கள். இருக்கிற வீட்டை ஏன் காலி பண்றீங்க? வீட்டுக்காரங்களுக்கே வேணுமாம் என்று சொன்னால், யாரும் நம்புகிற மாதிரி முகம் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் சொல்கிற பொய்யும் அதுதான் போலிருக்கிறது.

மார்ச்சில் ஏஞ்சல் பரீட்சை எழுதினாள். மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எதிர் வீட்டுத் தறிச் சத்தத்தின் நடுவே படித்தாள். தேவகி மாடியில் டிவி போடுவதை நிறுத்திவிட்டாள். கடைசிப் பரீட்சை முடித்து வந்தவள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ம்மா, இனிமே எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போலாம்மா" என்று கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் வீடுதான் கிடைத்தபாடில்லை. ஏப்ரல் இரண்டாவது வாரம் யாரோ சொல்லி ஓரிக்கை பக்கம் போனாள். வீட்டுக்காரர் ஆதிகேசவன், பஸ் டெப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி காமாட்சியம்மாள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு சின்னது. ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது. குச்சு கட்ட அது போதும். மேரி வழக்கம்போல முதலில் பேரைச் சொன்னாள். ஆதிகேசவன் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு அதே கேள்வி வந்தது.

"இருக்கிற வீட்டை ஏன் காலி பண்றீங்க? ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க ஐயா. அவங்களுக்கே வேணும்."

"எல்லாரும் அப்படித்தானம்மா சொல்றாங்க. உங்களத் தெரிஞ்சவங்க யாராவது இந்தப் பக்கம் இருக்காங்களா?"

யாரும் இல்லை. மேரி எழுந்துகொள்ளத்தான் நினைத்தாள். கைப்பையில் ஆதார் அட்டையோடு அந்த நோட்டீஸும் இருந்தது. வாடகை வீடு கேட்டு வந்த இடத்தில் காலி செய்யச் சொன்ன நோட்டீஸைக் காட்டுகிறவர் உண்டா? தயங்கினாள். பிறகு, போகிற வீடு போகட்டும் என்று எடுத்து நீட்டினாள்.

"இது எங்க வீட்டுக்காரங்க எனக்கு அனுப்பினது. படிச்சுப் பாருங்க ஐயா."

வக்கீல் பெயரைப் பார்த்ததும் ஆதிகேசவனின் புருவம் ஏறியது. படிக்கப் படிக்க இறங்கியது. முடித்துவிட்டு முதலிலிருந்து ஒரு தரம் படித்தார். அப்புறம் மனைவியைக் கூப்பிட்டு அந்த நடுப்பகுதியை வாய்விட்டே படித்தார். காமாட்சியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வக்கீல் நோட்டீஸ எடுத்துக்கினு வீடு கேட்டு வந்தவங்கள நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் ஆதிகேசவன். "காலி பண்ணுன்னு சொல்ற வாயால நன்றின்னும் சொல்லணும்னா, ஏழு வருஷம் நீங்க எப்படி இருந்திருக்கணும்?"

காமாட்சியம்மாள், "எப்பம்மா குடி வரீங்க?" என்று கேட்டாள்.

மேரி சொல்ல வேண்டியதை விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு ஐயா. அக்ரிமெண்ட் எழுதிக்கலாம். பதிவும் பண்ணிக்கலாம். நீங்க போகச் சொன்னாலும், நாங்க போறதா இருந்தாலும், மூணு மாசம் முன்னால எழுத்துல சொல்லிடணும்னு அதுல போட்டுக்கலாம்."

"இத யாரு உங்களுக்குச் சொன்னது?"

"கோர்ட்டாண்ட ஒருத்தர்."

"போட்டுடலாம்" என்றார் ஆதிகேசவன். "இந்த வக்கீலம்மா போன் நம்பர் இதுலயே இருக்குதே. அவங்ககிட்டயே எழுதிக்கலாம்."

அப்படியே எழுதினார்கள். கலையரசி என்ற அந்த வக்கீலை மேரி அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். நெற்றியில் சின்னப் பொட்டு வைத்த, சின்ன வயசுப் பெண். மேரியின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். "ஓ, அந்த மேரியா நீங்க? உங்க வீட்டுக்காரம்மா என்னை அரை நாள் எழுந்திருக்கவே விடல" என்று சிரித்தாள்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யேசுதாஸ் தன் சொந்த வீட்டுச் சாமானைத் தன் வண்டியில் ஏற்றினான். இளவரசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கை கொடுத்தான். மேரி காலியான வீட்டைப் பெருக்கி, தரையைக் கழுவி, சுவரில் ஏஞ்சல் பென்சிலால் எழுதி வைத்திருந்த கணக்கையெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்து அழித்தாள். தேவகி வாசலில் நின்று, "விடு மேரி, நான் பார்த்துக்க மாட்டேனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேரி கேட்கவில்லை. அண்ணன் குடி வருகிற வீடு, சுத்தமாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு யேசுதாஸும் இளவரசனும் நாற்காலியோடு கலியனைக் கீழே இறக்கினார்கள். இந்தத் தடவை திரும்ப ஏற்றுவதற்கு இல்லை. கூடத்தில் உட்கார வைத்ததும் அவர் ஊன்றுகோலை வாங்கி, தானே எழுந்து, மெல்ல மெல்ல வாசல் வரைக்கும் நடந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஒருவன் சைக்கிளில் தறிக்கு மாட்டும் பாவுக் கட்டு வைத்துக்கொண்டு போனான். "எப்பா, நாலு மாசமாச்சு" என்றார் கலியன். அவர் கண் கலங்கியது. சாவியை நீட்டிய மேரியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்.

தேவகி ஒரு தூக்கில் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். "புது வீட்டுல இன்னிக்கு அடுப்பு பத்த வைக்காத. பால் மட்டும் காய்ச்சு. போதும்" என்றாள். பிறகு, "வெள்ளிக்கிழமை வருவேன்" என்றாள். வந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு முழம் பூவோடு வந்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்து, ஜன்னல் கொக்கி சரியில்லை என்று காமாட்சியம்மாளிடம் மேரிக்கு முன்பாகவே புகார் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மே மாதம் முதல் ஞாயிறு ஆராதனைக்கு மேரி சீக்கிரமே போனாள். அவர்கள் சபையில் ஸ்தோத்திரம் செலுத்த விரும்புகிறவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். சபையார் ஐயர் என்று கூப்பிடும் போதகர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். மேரி சொல்லச் சொல்ல ஏஞ்சல் எழுதினாள். நடுவில் நிறுத்தி, "ம்மா, இத இப்படியே எழுதணுமா? சிரிப்பாங்க" என்றாள். "நீ எழுது" என்றாள் மேரி.

குழந்தை பிறந்ததற்கு ஒரு சீட்டு, வேலை கிடைத்ததற்கு ஒன்று, சுகரு குறைந்ததற்கு ஒன்று. அடுத்த சீட்டைப் பிரித்த போதகர், "யேசுதாஸ், மேரி, ஏஞ்சல் குடும்பத்தார்" என்று ஆரம்பித்து, அடுத்த வரிக்கு வந்ததும் நின்றார். சீட்டைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"வீட்டைக் காலி செய்யச் சொல்லி..." என்று வாசித்துவிட்டு, மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, இரண்டாவது வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மேரியைப் பார்த்தார். தப்பாக எழுதிவிட்டார்களோ என்று சந்தேகம் அவருக்கு. சபையும் திரும்பிப் பார்த்தது.

மேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"சரியாத்தான் எழுதியிருக்குது ஐயரே. படிங்க" என்றாள்.

போதகர் புன்னகைத்துக்கொண்டு முழுதும் வாசித்தார்.

"வீட்டைக் காலி செய்யச் சொல்லி முறையாக நோட்டீஸ் அனுப்பிய தேவகி அக்காவுக்காகவும், அவர்கள் கணவர் நடக்க ஆரம்பித்ததற்காகவும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."